தனியாக ஒருநாள் சைக்கிளில் ஏற்காடு: அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்க ஒரு வழிகாட்டி

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையை ஒரே நாளில் தனியாகச் சைக்கிளில் சுற்றிவர விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவிட முடியுமா?" என்பதுதான். முடியும். வாரத்தில் மூன்று நான்கு நாட்களாவது சைக்கிள் மிதிக்கும் பழக்கமும், தாழ்ந்த கியர் உள்ள வண்டியும், அவசரப்படாத மனமும் இருந்தால் அந்த ஏற்றம் யாரையும் பாதியில் திருப்பி அனுப்பாது. பயணத்தைக் கெடுப்பவை வேறு இரண்டு. சைக்கிளை ரயிலில் ஏற்றி இறக்கும் நடைமுறை ஒன்று. மலையிலிருந்து இறங்கும் சாலை மற்றொன்று. இவ்விரண்டையும் முறையாகச் சொல்லித் தருபவர் எனக்கு எவரும் கிடைக்கவில்லை. கவுன்டர் கவுன்டராக அலைந்தும், வழியில் கண்டவர்களைக் கேட்டும்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

வழி இதுதான்: சேலம் சந்திப்பில் இறங்கி, ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம்; அங்கிருந்து மலைப்பாதையில் ஏற்காடு; ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர்; பின்னர் வலசையூர், வீராணம் வழியாக மீண்டும் சேலம். மொத்தம் ஏறத்தாழ 80 கி.மீ. வரும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு அதைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தூரத்தைப் பார்த்து இது எளிது என்று எண்ண வேண்டாம். உயரத்தைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலமே புதியவர்களுக்கு ஏற்றது. மழை ஓய்ந்திருக்கும், சேலத்தின் வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும், தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கும் காலமாகையால் வழிநெடுக ஆள் நடமாட்டமும் இருக்கும். தனியாகச் செல்பவருக்கு இந்தக் கடைசிக் காரணம் சிறியதன்று.

ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். மலைமேல் குளிர்ச்சியாக இருந்தாலும், பிற்பகலில் நீங்கள் திரும்பி வந்து சேரும் சேலம் கொதித்துக்கொண்டிருக்கும். மேலும் மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும்போது, வாகனங்கள் அடிவாரம் வழியாக ஏறிக் குப்பனூர் வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் போக்குவரத்தை ஏற்பாடு செய்வார்கள். நாம் இறங்கத் தேர்ந்தெடுக்கும் அமைதியான சாலை அந்த நாட்களில் அமைதியாக இருக்காது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவு உண்மையான ஆபத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த மழையில் இந்த மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. ஆகவே எந்த மாதமானாலும், புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களின் சேலம் மாவட்டச் செய்திகளைப் படித்துவிட்டே கிளம்புங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் டிக்கெட்டை ரத்து செய்வதால் ஏற்படும் நட்டம் சிறிது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கிழமையும் முக்கியம். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வேன்களும் அதிவேக மோட்டார் சைக்கிள்களும் மலைப்பாதையை நிறைத்துவிடும். செவ்வாய், புதன் ஆகிய நாட்களில் கிடைக்கும் நிம்மதிக்காக ஒருநாள் விடுப்பு எடுப்பது தகும்.

அனுமதிச் சீட்டு பற்றியும் பலர் கேட்கிறார்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோருக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை உள்ளது. அவ்விரு ஊர்களுக்குமான அந்த உத்தரவை ஏற்காட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடிவாரத்திலும் குப்பனூரிலும் சோதனைச்சாவடிகள் உண்டு. சைக்கிளில் வருபவரைப் பொதுவாக விசாரித்து அனுப்பிவிடுவார்கள். ஆதார் அட்டையின் நகல் ஒன்று பையில் இருந்தால் போதும். ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் கொண்டுசெல்லாதீர்கள்.

2. சைக்கிளை மலைக்கு ஏற்றபடி தயார் செய்யுங்கள்

கியர் இல்லாத சைக்கிளில் இந்த வழியை முதல்முறை முயல வேண்டாம். முன்பல்சக்கரத்தின் சிறிய வளையமும் பின்பக்கத்தின் பெரிய பல்சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு பற்கள் கொண்டவையாக இருந்தால் (முன்னே 34 பல், பின்னே 32 அல்லது 34 பல் என்பது போல), சராசரியாக நூற்றுக்கு ஐந்து என்ற சரிவுள்ள இந்த ஏற்றத்தை உட்கார்ந்தபடியே மிதித்து ஏறலாம்.

ஏறுவதற்குக் கியர் எவ்வளவு தேவையோ, இறங்குவதற்குப் பிரேக் அதைவிட அதிகம் தேவை. ரிம் பிரேக் (சக்கர விளிம்பை அழுத்திப் பிடிப்பது) உள்ள வண்டியானால், பிரேக் கட்டையின் முகத்தில் வெட்டப்பட்டிருக்கும் கோடுகளைக் கையால் தடவிப் பாருங்கள். கோடு தேய்ந்து மழுங்கியிருந்தால், ஊரில் ஓட்டுவதற்கு அது இன்னும் ஒரு மாதம் வந்தாலும், குப்பனூர் இறக்கத்துக்கு உதவாது. கட்டையில் மணல் துணுக்கோ அலுமினியப் பொடியோ பதிந்திருந்தால் ஊசியால் கிளறி எடுத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக்கானால் பேடின் தடிமனைக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். புதிய கட்டைகளை மாட்டினால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மாட்டி ஊருக்குள் ஓட்டிப் பழக்கிவிட வேண்டும். மலை உச்சியில் முதன்முதலாகச் சோதிக்கக் கூடாது.

பஞ்சர் பொருட்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. ஏற்காட்டில் மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடைகளில்தான் காற்றடிக்க வேண்டியிருக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள டியூபுக்கு அவர்களுடைய காற்றுக்குழாய் பொருந்தாது. அதை மாற்றிப் பொருத்தும் பித்தளைத் திருகு ஒன்று சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்; வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு, ஆலன் சாவிகள், சங்கிலி இணைப்பு ஒன்று, முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, இறக்கத்துக்கு ஒரு காற்றுத்தடுப்பு மேலாடை, விரல் மூடிய கையுறை: இதற்குமேல் ஒருநாளுக்கு வேண்டியதில்லை.

3. ரயிலில் ஏற்றுவது: 'லக்கேஜ்' என்று கேளுங்கள், 'பார்சல்' என்று கேட்காதீர்கள்

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் வசதியானது. இரவில் சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு, விடியும் முன் சேலம் சந்திப்பை அடைந்து, ஈரோடு வரை செல்கிறது. கோவை, பெங்களூரு ஆகிய ஊர்களிலிருந்தும் சேலத்துக்கு நேர் ரயில்கள் உண்டு. ஆனால் உங்கள் ரயிலில் சரக்கு ஏற்றும் பிரேக் வேன் இருக்கிறதா, சேலத்தில் இறக்குவதற்கு முன்பதிவு ஏற்கிறார்களா என்பதைப் பயண டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்சல் ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். சைக்கிளை அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. 'லக்கேஜ்' என்று பதிந்தால், அது உங்கள் பயண டிக்கெட்டுடன் இணைக்கப்பட்டு, நீங்கள் செல்லும் அதே ரயிலில் வரும். 'பார்சல்' என்று பதிந்தால், இடம் இருக்கும் ரயிலில் அவர்கள் வசதிப்படி அனுப்புவார்கள். நீங்கள் சேலத்தில் இறங்கி ஒருநாள் கழித்து அது வந்து சேரலாம். ஒரு நிலையத்தில் என்னைக் கேட்காமலேயே பார்சல் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். அதை நிரப்பியிருந்தால் அந்தப் பயணமே நடந்திருக்காது. எனவே கவுன்டரில் உங்கள் முதல் வாக்கியம், "இந்த டிக்கெட்டில் இதே வண்டியில் பயணம் செய்கிறேன், சைக்கிளை லக்கேஜாகப் பதிய வேண்டும்" என்பதாக இருக்கட்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

- உறுதிசெய்யப்பட்ட பயண டிக்கெட்டின் அச்சுப் பிரதி. கைப்பேசித் திரையைக் காட்டினால் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள்.
- அசல் ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, அதன் நகல் இரண்டு.
- சைக்கிள் வாங்கிய ரசீதின் நகல். எப்போதும் கேட்பதில்லை, கேட்கும்போது இல்லையென்றால் வாதாட நேரம் இருக்காது.
- பெயர், கைப்பேசி எண், பி.என்.ஆர். எண், ரயிலின் பெயர், புறப்படும் நிலையம், 'சேலம் சந்திப்பு' என்ற இறங்கும் நிலையம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தடித்த எழுத்தில் எழுதிய அட்டைகள் மூன்று.

அந்த அட்டைகளை ஹேண்டில்பாரில் ஒன்று, நடுச்சட்டத்தில் ஒன்று, இருக்கைக்குக் கீழே ஒன்று எனக் கம்பியால் கட்டுங்கள். பசைநாடா ஈரத்தில் உரிந்துவிடும். பின்சக்கரத்தருகே உள்ள கியர் மாற்றும் கருவியின் மீது பழைய டியூப் துண்டையோ தடித்த அட்டையையோ சுற்றிவிடுங்கள். மேலே மூட்டைகள் விழும்போது முதலில் வளைவது அதுதான். பெடல்களைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. விளக்கு, பம்பு, தண்ணீர்ப் புட்டி, கிலோமீட்டர் மானி எதையும் வண்டியில் விடாதீர்கள். சாக்கு சுற்றிக் கட்டித்தர நிலையத்துக்கு வெளியே ஆட்கள் இருப்பார்கள். கூலியை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

தூங்கும் வசதி வகுப்பில் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுசெல்லலாம் என்ற சலுகை சைக்கிளுக்குப் பொருந்தாது. எடை குறைவானாலும் தனியாகக் கட்டணம் உண்டு. பதியும்போது சைக்கிளின் மதிப்பைத் தெரிவித்து அதற்கான கூடுதல் விழுக்காட்டுக் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால், தொலைந்தாலோ உடைந்தாலோ ரயில்வே தரும் இழப்பீடு கிலோவுக்கு நூறு ரூபாய் என்ற வரம்புக்குள் நின்றுவிடும். பதினைந்து கிலோ சைக்கிளுக்கு அது 1,500 ரூபாய்தான். முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய வண்டியானால் மதிப்பைத் தெரிவித்துப் பதியுங்கள்.

ரயில் புறப்படுவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு முன் கவுன்டரில் நில்லுங்கள். எடை போட, ரசீது எழுத, நடைமேடைக்குக் கொண்டுபோக என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆட்கள் இருப்பார்கள். இடையில் பணி மாறும் நேரமும் வரலாம். ரசீது கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பெட்டியில் போய்ப் படுத்துவிடாதீர்கள். பிரேக் வேன் ரயிலின் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கேட்டு, சைக்கிள் உள்ளே ஏறுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். எந்தப் பக்கக் கதவில் ஏற்றினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சேலத்தில் அது தேவைப்படும்.

இந்த நடைமுறையே வேண்டாம் என்பவர்கள், இரு சக்கரங்களையும் கழற்றிச் சைக்கிள் பையில் அடைத்துப் பெட்டிக்குள் கொண்டுபோக எண்ணுவார்கள். பயணிகள் பெட்டிக்குள் அனுமதிக்கப்படும் பெட்டியின் அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். மடக்கு சைக்கிள்கள் சில இதற்குள் அடங்கலாம். பெரிய சக்கர வண்டிகள் அடங்கா. பேருந்தின் பின்பெட்டியில் படுக்க வைத்துக் கொண்டுவருவது மற்றொரு வழி. தனியார் பேருந்துகளில் நடத்துநரிடம் நேரில் பேசி முடிக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போது கிடைக்கும் ஒப்புதலை ஏறும் இடத்தில் மதிக்க மாட்டார்கள்.

4. சேலத்தில் இறக்கி, அடிவாரம் சேருங்கள்

ரயில் சேலத்தில் சில நிமிடங்களே நிற்கும். முந்தைய நிலையம் கடந்ததுமே எழுந்து, பிரேக் வேனுக்கு அருகில் உள்ள கதவுக்கு வந்து நில்லுங்கள். நின்றவுடன் ஓடிப்போய் ரசீதைக் காட்டி இறக்கச் சொல்லுங்கள். இறக்கத் தவறினால் சைக்கிள் ஈரோட்டுக்குப் போய்விடும். அப்படி நேர்ந்தால் பதற்றப்படாமல், ரயில் கிளம்பிய உடனேயே சேலம் பார்சல் ஆபீசில் ரசீதைக் காட்டி ஈரோட்டுக்குத் தகவல் அனுப்பச் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைய மலைப்பயணம் அத்துடன் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

வண்டியை நடைமேடையில் பெற்றுக்கொண்டாலும், ரசீதை ஒப்படைத்து வெளியே கொண்டுபோகும் அனுமதியைப் பார்சல் ஆபீசில் வாங்கிய பிறகே வாசலைக் கடக்க வேண்டும். பெடல் மாட்டி, ஹேண்டில்பாரை நேராக்கி, இரு பிரேக்குகளையும் அழுத்திப் பார்த்து, சக்கரம் கோணாமல் சுற்றுகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சந்திப்பு நிலையம் இருக்கும் சூரமங்கலத்திலிருந்து அஸ்தம்பட்டி வழியாக அடிவாரம் ஏறத்தாழ 12 கி.மீ. ஐந்தரை மணிக்குள் கிளம்பிவிட்டால் நகரம் விழிக்கும் முன் கோரிமேட்டைத் தாண்டிவிடலாம். சிற்றுண்டியை முடித்துக்கொள்ளக் கடைசி நல்ல இடம் அஸ்தம்பட்டிப் பகுதிதான். நான்கு இட்லிக்குமேல் வேண்டாம். வயிறு நிறைந்தபின் ஏற்றம் கடினம். இரு புட்டிகளையும் நிரப்பிக்கொண்டு, ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள்.

5. இருபது வளைவுகள்

அடிவாரம் சோதனைச்சாவடியிலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 20 கி.மீ. மணிக்கு ஏழெட்டு கி.மீ. வேகத்தில், நின்று நின்று ஏறினால் மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம் ஆகும். முதல் இரண்டு கி.மீ. தூரத்தில் புதியவர்கள் எல்லோரும் வேகமாக ஏறுகிறார்கள். அதன் விலையைப் பாதி மலையில் கொடுக்கிறார்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று அவ்வப்போது சொல்லிப் பாருங்கள். முடியவில்லையானால் கியரைக் குறையுங்கள். குறைக்க இனிக் கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளி நடப்பதும் பயணத்தின் பகுதிதான்.

கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவது எளிது. ஒவ்வொன்றிலும் எண்பலகை உண்டு. அவற்றை எடுக்கும் முறை ஒன்று உண்டு. நாம் இடப்பக்கம் செல்கிறோம். ஆகவே இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டத்தில் இருப்போம். அங்கே சாலை மிகச் செங்குத்தாக இருக்கும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டத்தில் இருப்போம்; சரிவு குறைவாக, மூச்சு விடும் இடமாக அது அமையும். இடப்பக்க வளைவு கண்ணில் பட்டவுடனேயே, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, மிகத் தாழ்ந்த கியருக்கு வந்துவிடுங்கள். சுமை ஏறிய பிறகு கியர் மாற்றினால் சங்கிலி நழுவும்.

மலைச்சாலையில் ஏறிவரும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் மேலிருந்து இறங்கும் பேருந்து வளைவில் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். மேலே ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்று, அது திரும்பிச் சென்ற பின் ஏறுங்கள். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு இந்தச் சாலையில் ஏறக் கூடாது. வளைவுக்கு அப்பால் வருவதை அறிவிக்கும் ஒரே சாதனம் உங்கள் காது.

நாற்பதடிப் பாலம், அறுபதடிப் பாலம் என்று உள்ளூரில் பெயர் வழங்கும் இடங்களிலும், அகலமான வளைவுகளிலும் நின்று இளைப்பாறலாம். ஆனால் அங்கே வாழைப்பழத்தையோ பிஸ்கட்டையோ வெளியே எடுக்காதீர்கள். சுற்றுலாப் பயணிகள் கொடுத்துப் பழக்கிய குரங்குகள் ஹேண்டில்பார்ப் பையை நன்றாக அறியும். கடலை மிட்டாயையும் பேரீச்சையையும் சட்டையின் முதுகுப்பையில் வைத்து, மிதித்துக்கொண்டே சிறிது சிறிதாக உண்பதே நல்லது. அதிகாலையில் காட்டுமாடு சாலையைக் கடப்பதும் உண்டு. கண்டால் மணி அடிக்காமல், கத்தாமல், ஐம்பது மீட்டருக்கு அப்பாலேயே நின்றுவிடுங்கள். வேனோ பேருந்தோ வந்தால் அதன் பின்னால் மறைந்து கடக்கலாம்.

ஏற ஏற மரங்கள் மாறுவதைக் கவனியுங்கள். அடிவாரத்தின் காய்ந்த புதர்க்காடு விலகி, உயர்ந்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகளும், நிழலில் காப்பிச் செடிகளும் தோன்றும் இடத்தில் கடினமான பகுதியைப் பெரும்பாலும் கடந்துவிட்டீர்கள்.

6. ஏற்காட்டில் எவ்வளவு நேரம்?

பத்தரை மணியளவில் ஏரிக்கரையை அடைந்தால், பன்னிரண்டரை மணி வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. நல்ல சாப்பாடு, அரை மணி ஓய்வு, ஈரச் சட்டையை மாற்றுதல் ஆகியவை முதலில். ஏரிக்கரைக் கடைகளின் மிளகாய் பஜ்ஜி பெயர் பெற்றது; இறங்கும் முன் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டைச் சுற்றி 32 கி.மீ. நீளத்தில் தோட்டங்களுக்கிடையே செல்லும் சுற்றுச்சாலை ஒன்று உண்டு. மிக அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏற்ற இறக்கம் நிறைந்தது. களைத்த காலுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதையும் இந்த நாளில் சேர்த்துக்கொண்டால் குப்பனூர் இறக்கத்தை இருட்டில் கடக்க நேரிடும். சுற்றுச்சாலையை விரும்புபவர்கள் ஏற்காட்டில் ஓர் இரவு தங்கிச் செய்யுங்கள். தெம்பு மீதமிருப்பவர்கள் மட்டும் சேர்வராயன் கோயில் வரை சென்று திரும்பலாம். அதுவும் ஏற்றம்தான், போகவர ஒன்றரை மணி நேரம் வேண்டும். காப்பித் தோட்டங்கள் தனியாருடையவை என்பதால் நிழலுக்காகக்கூடக் கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம்.

7. குப்பனூர் இறக்கம்

கிளம்பும் முன் பிரேக் கட்டைகளை மறுபடியும் பாருங்கள். கையுறையையும் காற்றுத்தடுப்பு மேலாடையையும் அணியுங்கள். வியர்த்த உடம்போடு இறங்கும்போது விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது. மலைமேல் மூடுபனி இருந்தால் இரு விளக்குகளையும் போட்டுக்கொள்ளுங்கள். மிக அடர்த்தியாக இருந்தால் கலையும் வரை கடையிலேயே காத்திருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து கிளம்பியவுடன் இறக்கம் தொடங்கிவிடும் என்று நம்பித் தண்ணீரைத் தீர்த்துவிடுகிறார்கள். கொட்டச்சேடு வரை சாலை ஏறியும் இறங்கியும் செல்கிறது. சிற்றூர்களில் தேநீர்க் கடை இருக்கும், ஆனால் எந்த நேரமும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே ஏற்காட்டிலேயே இரு புட்டிகளையும் நிரப்பிக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் சாலையோரக் களங்களில் காப்பிக் கொட்டை காயப்போட்டிருப்பார்கள்; காலடியிலும் சக்கரத்திலும் படாமல் விலகிச் செல்லுங்கள்.

உண்மையான இறக்கம் தொடங்கியதும், பிரதான மலைப்பாதையைவிட இது குறுகலானது, செங்குத்தானது என்பதை உடனே உணர்வீர்கள். வாகனங்கள் குறைவு என்பது நன்மை. குறைவாக இருப்பதால் எதிரே வருபவர் நம்மை எதிர்பார்ப்பதில்லை என்பது தீமை. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் சூடேறி, உள்ளிருக்கும் டியூப் வெடிக்கக்கூடும். டிஸ்க் சூடேறினால் பிடிப்புக் குறையும். வளைவுக்கு முன் நேரான பகுதியிலேயே இரு பிரேக்குகளையும் சேர்த்து உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள், வளைவுக்குள் அழுத்தாமல் திரும்புங்கள். முன்பிரேக்கை மட்டும் திடீரென்று பிடிப்பவர் தலைகுப்புற விழுவார். பின்பிரேக்கை மட்டும் நம்புபவர் சறுக்குவார்.

மூன்று நான்கு கி.மீ. தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ரிம்மைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் பத்து நிமிடம் நில்லுங்கள். உள்ளங்கை வலி எடுப்பதும் நிற்பதற்கான அறிகுறியே. உதிர்ந்த சருகும் மழையில் வழிந்த மணலும் வளைவின் உட்பக்கத்தில் சேர்ந்திருக்கும். ஈரமாக இருந்தால் அதன்மேல் ஏறவே கூடாது. புதியவர்கள் மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டியதில்லை. இறக்கத்தில் மிச்சப்படுத்தும் பத்து நிமிடம் உங்களுக்கு எதற்கும் பயன்படப் போவதில்லை, ரயில் இரவில்தான்.

குப்பனூர் சோதனைச்சாவடியைக் கடந்தால் சமதளம். காற்று சட்டென்று சூடாகும், மேலாடையைக் கழற்றுங்கள். வலசையூர், வீராணம் வழியாக நகரத்துக்குள் நுழையும்போது மாலை நெரிசல் தொடங்கியிருக்கும்.

8. தனியாகச் செல்பவருக்கு

வீட்டிலோ நண்பரிடமோ வழியையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்: அடிவாரம் 6.30, ஏற்காடு 10.30, குப்பனூர் 3.30, நிலையம் 5.30 என்பது போல. குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழிந்தும் செய்தி வராவிட்டால் அழைக்க வேண்டும், அழைப்புக் கிடைக்காவிட்டால் 112-ஐத் தொடர்புகொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவையுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்வது நல்லதுதான், ஆனால் மலையின் மடிப்புகளில் சிக்னல் விட்டுவிடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. இரத்த வகையையும் அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதிய சீட்டைத் தலைக்கவசத்தின் உள்ளே ஒட்டிவிடுங்கள்.

வண்டி பழுதாகி ஓட்ட முடியாமல் போனால், காய்கறியும் தோட்டச் சாமான்களும் ஏற்றி இறங்கும் சிறிய சரக்கு வண்டிகளை நிறுத்திக் கேளுங்கள். 'சின்ன யானை' என்று ஊரில் சொல்லும் அந்த வண்டிகளில் சைக்கிளைப் படுக்க வைத்துக் கட்டிக்கொண்டு சேலம் வரை வந்துவிடலாம். "அண்ணா, சைக்கிள் ரிப்பேர், கீழே வரைக்கும் ஏத்திக்கிறீங்களா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் அரிது. கூலியை ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் கூட்டம் குறைவாக இருந்தால் ஏற்றிக்கொள்வதும் உண்டு. அது நடத்துநரின் விருப்பம்.

9. செலவு

சைக்கிளின் லக்கேஜ் கட்டணம் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. அதனுடன் கட்டுக்கூலி, ஏற்றுக்கூலி சேர்த்து ஒரு வழிக்கு 500 ரூபாய் ஒதுக்கினால் நெருக்கடி இராது. உணவு, தேநீர், தண்ணீருக்கு 400 ரூபாய். அவசரத்துக்குச் சரக்கு வண்டி கூப்பிட 1,500 ரூபாய் தனியாக இருக்கட்டும். இவை அனைத்தையும் ரொக்கமாக, சில்லறையாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். சிற்றூர்க் கடையில் சிக்னல் இல்லாதபோது கைப்பேசிப் பணம் செல்லாது.

10. திரும்பும் ரயில்

திரும்புவதற்கும் அதே நடைமுறைதான்; ஆனால் சேலம் இடைநிலையம் என்பதால் வரும் ரயிலின் பிரேக் வேனில் இடம் இருக்க வேண்டும். காலையில் சைக்கிளைப் பெற்றுக்கொள்ளும்போதே, இரவு ரயிலின் பெயரைச் சொல்லி லக்கேஜ் பதிய எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அதே கவுன்டரில் கேட்டுவிடுங்கள். மாலை ஆறு மணிக்குள் அங்கே இருப்பது பாதுகாப்பு. காலையில் பயன்படுத்திய அட்டைகளை அவிழ்த்துவிட்டு, ஊர்ப்பெயர் மாற்றி எழுதிய புதியவற்றைக் கட்டுங்கள். பழைய அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தாலும் வண்டி வேறு ஊருக்குப் போகக்கூடும். அன்றைய ரயிலில் இடம் இல்லை என்றால், பார்சலாகப் பதிந்துவிட்டு நீங்கள் மட்டும் ஊர் திரும்பலாம். இந்த ஒரு சூழலில் மட்டுமே பார்சல் முறை உதவும்.

ஊர் சேர்ந்ததும் சைக்கிளை உடனே எடுத்துவிடுங்கள். இலவசமாக வைத்திருக்கும் நேரம் கடந்தால் வார்ஃபேஜ் என்னும் தேக்கக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கையெழுத்திடுவதற்கு முன், கவுன்டர் முன்னிலையிலேயே கியர் மாற்றும் கருவி, சக்கரம், சட்டம் மூன்றையும் பாருங்கள். சேதம் இருந்தால் அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்டு வெளியே கொண்டுவந்த வண்டிக்கு இழப்பீடு கேட்பது மிகக் கடினம்.